மண்டாசி பயந்த மஞ்சள் கவுன்

எங்கள் ஊர்ப் பபூன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எது என்று தெரியும். எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள். சர்ச் மணியைக் கேட்டா, ஊரே சோப்புப் போட்டுக் குளித்த வாசனையைப் பிடித்தா, அவற்றுக்குத்தான் வெளிச்சம். பாஸ்டர் கரீதி இரண்டாவது பாட்டுக்குக் கையை உயர்த்தும்போது கூட்டம் மொத்தமும் பாறையை விட்டு இறங்கி மக்காச்சோளத்துக்குள் நிற்கும். அவர் பிரசங்கத்தை முடிக்கும்போது தோட்டமும் முடிந்திருக்கும். பிரசங்கம் நீளம் என்று ஊரில் எல்லாரும் முணுமுணுப்பார்கள். பபூன்கள் மட்டும் முணுமுணுத்ததில்லை.

என் பெயர் நியாகுத்தி. பபூன்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. லைக்கிபியா மேட்டில் எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் செம்பாறையில் ஒரு கூட்டம் தூங்குகிறது. விடியும்போது அதோடு போய்ச் சேர்ந்துகொள்வேன். அவை போகும் இடமெல்லாம் நானும் போவேன். யார் யாருக்குப் பேன் பார்த்தார்கள், யார் யாரை அறைந்தார்கள், யார் யாரோடு புதருக்குப் பின்னால் ஒதுங்கினார்கள் என்று நைரோபியில் குரங்கு ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா அடோங்கோவுக்குச் சொல்ல வேண்டும். இதையே மனிதர்களைப் பற்றிச் சொன்னால் புறணி பேசுகிறவள் என்று ஏசுவார்கள். குரங்கைப் பற்றிச் சொன்னால் மாதம் பிறந்ததும் சம்பளம் வருகிறது. புருஷன் செத்த பிறகு மகளை நைரோபியில் படிக்க வைப்பது அந்தச் சம்பளம்தான்.

இந்த வேலைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கல்லெறியக் கூடாது. கத்தக் கூடாது. அவற்றின் எதிரே எதையும் தின்னக் கூடாது. கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, பார்த்தால் சண்டைக்கு இழுக்கிறாய் என்று அர்த்தம். எப்போதும் ஒரே மாதிரி உடுப்பு. என்னுடையது மஞ்சள் பூப் போட்ட கவுனும் பழுப்புத் தலைத்துணியும். ஒரே துணியில் இரண்டு தைத்து வைத்திருக்கிறேன், ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். இப்படியே காலம் போக, பபூன்களின் கண்ணுக்கு நான் மனுஷியே இல்லை என்று ஆகிவிட்டது. அங்குமிங்கும் நகர்கிற ஒரு புதர், அவ்வளவுதான்.

பெருமையான விஷயம்தான். ஆனால் புதருக்கும் ஒரு மக்காச்சோளத் தோட்டம் இருக்கிறதே! ஊரில் மற்றவர்கள் தோட்டத்தில் பபூன்கள் பயந்து பயந்துதான் திருடும். என் தோட்டத்தில் மட்டும் வரிசையில் வந்து, உட்கார்ந்து, உரித்து, நிதானமாகத் தின்னும். வீட்டுக்காரி நான் வந்து நின்றாலும் அசையாது. நான் கையை ஓங்கினால் அடுத்த நாள் வேலை போய்விடும் என்பது அவற்றுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

முன்பெல்லாம் குரங்குகளுக்கு ஊர்க்காரர்கள் பெயரை வைத்துக்கொண்டிருந்தோம். துணைத்தலைவர் பெயர் வைத்த ஆண் ஒரு சண்டையில் தோற்று, பாதி வாலோடு ஊர் நடுவே ஓடியது. டீக்கடையில் ஒருவன் அதைச் சொல்லிச் சிரிக்க, துணைத்தலைவர் எங்கள் ஆராய்ச்சி முகாமுக்கே வந்துவிட்டார். அதிலிருந்து எல்லாம் சமையலறைப் பெயர்தான். பெரிய ஆண் உகாலி, நாங்கள் தின்கிற சோளமாவுக் களி. சமீபத்தில் வேறு கூட்டத்திலிருந்து வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த இளவட்டம் வாரு, அதாவது உருளைக்கிழங்கு. எல்லாப் பெண்களுக்கும் மேலே, கிழவி மண்டாசி. டீயோடு கடிக்கிற பலகாரத்தின் பெயர். இளமையில் அவளும் அப்படித்தான் உப்பலாக இருந்தாள்.

உகாலிக்குப் பல் பெரிது, குரல் பெரிது, கொட்டாவி விட்டால் காடே நடுங்கும். ஆனால் அவன் வந்தவன், இன்னும் சில காலத்தில் போகிறவன். பிறந்த இடத்திலேயே இருந்து சாகிறவர்கள் பெண்கள். மதிப்பும் இடமும் தாய் வழி வருவது. எந்தக் கோரைக்கிழங்குத் திட்டில் முதலில் தோண்டுவது, எந்த வேலமரம் பூத்திருக்கிறது, எந்தச் சுனையில் சிறுத்தை படுத்திருக்கும் என்பதெல்லாம் மண்டாசியின் தலைக்குள் இருந்தது. அவள் எழுந்து நடந்தால் கூட்டம் நடக்கும். உகாலி, தானே முடிவெடுத்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னால் வருவான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க் குடும்பங்கள் நினைவுக்கு வரும்.

மண்டாசிக்கு என்னிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெயில் ஏறியதும் வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். வேறொன்றும் இல்லை. பேன் பார்க்கச் சொல்ல மாட்டாள், என்னைத் தொடவும் மாட்டாள். சிறுத்தையும் எதிரியும் வருவது முதுகுப் பக்கம்தான். அதை ஒருவர் பக்கம் திருப்பிவிட்டுத் தூங்கி வழிகிறது என்றால், ஒரு பபூன் அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குச் சர்ச்சை விடப் பிடிக்கும். பாஸ்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கதிர் பால் பிடிக்கும் பருவம் வந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் பேண்ட் போட்டுக்கொள்வார்கள். பபூன்கள் ஆண்களைக் கண்டால்தான் ஓடும். பெண்களைக் கண்டால் உதட்டைக்கூடப் பிதுக்காது. ஆண்களோ கடைத்தெருவில் சோடா மூடிகளை வைத்துக் காய் நகர்த்தும் ஆட்டத்தில் மும்முரமாக இருப்பார்கள். ஆகவே புருஷனின் பேண்ட், புருஷனின் தொப்பி, புருஷனின் கோட்டு எல்லாம் தோட்டத்துக்குப் போகும், புருஷனைத் தவிர. ஆரம்பத்தில் அது பலித்தது. பிறகு மண்டாசி நடையைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். பேண்டுக்குள் இருப்பது பாஸ்டரின் மனைவி என்று தெரிந்ததும் பாஸ்டரின் தோட்டத்துக்குள்ளே நேராக இறங்குவாள்.

முன்யிரி எங்கள் ஊருக்கு வந்தது இந்தச் சமயத்தில்தான். கழுதை வண்டியில் தண்ணீர் விற்கிறவர். முராங்கா பக்கத்து ஆள். மனைவி இறந்து பல காலம். நல்ல உயரம், பெரிய காது. அவருடைய கழுதைக்கு என் வீட்டு வாசலில் மட்டும் கால் வலிக்கும். தண்ணீர் வேண்டாம் என்றாலும் நிற்கும்.

"கழுதைக்கு உங்க வீட்டு நெழலு புடிச்சிருக்கு, நான் என்ன பண்ண?" என்பார்.

"கழுதைக்குத்தானே? அதக் கட்டிட்டு நீ போய்யா" என்பேன்.

பக்கத்து வீட்டு வமைதா வேலிக்கு மேல் தலையை நீட்டிச் சிரிப்பாள். அவள் வாய்க்கு ஊரில் பூட்டு கிடையாது.

நான் பிடி கொடுக்கவில்லை. புதிதாக வந்த ஆண் எப்படி நடந்துகொள்வான் என்பதைப் பார்த்தே வயதானவள் நான். வாருவையே பாருங்கள். ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவளுக்குப் பேன் பார்த்து, அவள் குட்டியைச் சுமந்து, உதட்டைச் சப்பிச் சப்பிக் குழைவான். உகாலி அடிக்க வந்தால் அதே குட்டியை நெஞ்சோடு பிடித்துக் கேடயமாக நீட்டுவான். குட்டி கத்தினால் கூட்டமே உகாலி மேல் பாயும். இது அன்பா, தந்திரமா என்று டாக்டரம்மாவுக்கே இன்னும் முடிவு தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வழக்கத்தை விட நீளம். ஆண் பெண் உடுப்பையும், பெண் ஆண் உடுப்பையும் மாற்றி உடுத்துவது பாவம் என்று பாஸ்டர் விளாசிக்கொண்டிருந்தார். முன் வரிசையில் அவர் மனைவி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பினால் என் வாசலில் கூட்டம். நடுவில் முன்யிரி, என் மஞ்சள் கவுனில். தலையில் என் பழுப்புத் துணி. கவுன் முழங்காலுக்கு மேலே நின்றது, அக்குளில் தையல் விட்டிருந்தது. கையில் டீ.

"அடியே நியாகுத்தி, உன் தோட்டத்தப் போய்ப் பாருடி! ஒரு கதிரு ஒடியல!" என்று வமைதா குதித்தாள்.

நடந்ததை முன்யிரியே சொன்னார். எல்லாரும் சர்ச்சுக்குப் போனதும் கொடியில் கிடந்த கவுனை எடுத்து மாட்டிக்கொண்டு, மக்காச்சோளத்துக்கு நடுவே குனிந்து களை பிடுங்குவதுபோல உட்கார்ந்துவிட்டார். கூட்டம் வந்தது. மஞ்சள் கவுனைப் பார்த்தது. நம்ம புதர்தானே என்று மண்டாசி முதல் ஆளாக உள்ளே வந்து, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கதிரை ஒடித்தாள்.

"பக்கத்துல வரட்டும்னு மூச்ச அடக்கிட்டு இருந்தேன். வந்ததும் எழுந்து நின்னு ஒரு கத்து கத்தினேன் பாருங்க! தகர டின்ன எடுத்து அடிச்சேன். அந்தப் பெரியவன் இருக்கானே..."

"உகாலி."

"அவன் வால கையில புடிச்சிட்டேன்! பேதி போயிட்டான்மா. என் மேலயே!"

கவுனின் முன்பக்கத்தைக் காட்டினார். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊரை நடுங்க வைக்கும் உகாலி அப்படிக் கழிந்துகொண்டு ஓடுவதை நினைத்து எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். அன்று என் வீட்டில் முன்யிரிக்குக் கிதேரி போட்டேன். அவித்த சோளமும் பயறும் ஒரு மனிதனை அவ்வளவு சந்தோஷப்படுத்தி நான் பார்த்ததில்லை.

"இனிமே பொம்பளையப் பாத்தாலும் ஓடும்டி, இத்தன நாளா நம்மள மனுஷியாவே மதிக்கல" என்றாள் வமைதா.

திங்கட்கிழமை காலையில் கொடியில் இருந்த இன்னொரு கவுனைப் போட்டுக்கொண்டு பாறைக்குப் போனேன். கூட்டம் கீழே இறங்கி இளவெயிலில் உட்கார்ந்திருந்தது. நான் வேலமரத்தைத் தாண்டியதும் ஒரு குரைப்பு. சிறுத்தையைக் கண்டால் மட்டும் போடும் குரைப்பு. சிறுத்தை எங்கே என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. சிறுத்தை நான்தான்.

தாய்கள் குட்டிகளை வாரி அணைத்துக்கொண்டு பாறை மேல் ஏறின. மண்டாசியின் கடைசிக் குட்டி கால் இடறி விழ, அவள் திரும்பி வந்து அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக் கிறீச்சிட்டாள். மண்டாசி பிறந்த அன்று, கறுப்பு மயிரும் ரோஜா நிற முகமுமாக அவள் தாயின் வயிற்றில் தொங்கியதைப் பார்த்தவள் நான். அந்த வாய் என்னைப் பார்த்து அப்படித் திறந்ததில்லை. பாறைக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் நீலக் கவுன் போட்டுப் போனேன். ஓடின. பச்சை லெசோத் துணியைச் சுற்றிக்கொண்டு போனேன். ஓடின. செத்துப்போன என் புருஷனின் பேண்டைப் போட்டுப் போனேன். ஆண் வருகிறான் என்று இன்னும் வேகமாக ஓடின. பெண்ணாகவும் போக முடியவில்லை, ஆணாகவும் போக முடியவில்லை. மூன்றாவதாக ஒன்றைக் கர்த்தர் படைத்திருந்தால் அதையும் முயன்றிருப்பேன்.

டாக்டர் அடோங்கோவுக்குப் போனில் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"ஓடற கூட்டத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றது நியாகுத்தி? மழை முடியறதுக்குள்ள திரும்ப ஒட்டிக்கிட்டா சரி. இல்லன்னா உங்க ஊர்ல மூடிட்டு வேற கூட்டத்துக்குப் போக வேண்டியதுதான். அங்க ஏற்கனவே ஆளு இருக்காங்க."

எனக்கு வேலை இருக்காது என்பதை அவர் மரியாதையாகச் சொன்னார். எனக்கு வேலையை விட மண்டாசியின் வாய்தான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது.

ஊரில் அதற்குள் முன்யிரிக்கு ஏக கிராக்கி. ஆளுக்கொரு கவுனைத் தூக்கிக்கொண்டு பெண்கள் அவர் வண்டியை மறித்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"யாரும் இவரக் கூப்பிடாதீங்க. இன்னொரு தடவ பயந்துச்சுன்னா அதுங்க என் பக்கமே வராது."

"உன் கொரங்கு உன் பக்கம் வரலன்னா எனக்கென்னடி? எம் புள்ளைங்க வருஷம் பூரா எதத் தின்னும்? உன் மண்டாசி வந்து சமைச்சுப் போடுவாளா?" என்றாள் வமைதா.

அவள் சொன்னதில் பொய் இல்லை. வேலிக்கென்று முன்னொரு காலத்தில் யாரோ கொண்டுவந்து வைத்த நாகதாளிக் கள்ளியின் பழத்தைப் பபூன்கள் தின்று, போகிற இடமெல்லாம் விதையோடு கழிந்து, மேய்ச்சல் நிலம் பாதி முள்ளாகிவிட்டது. அந்த முள்ளால் கோரைக்கிழங்கு குறைந்தது. கிழங்கு குறைந்ததால் அவை மக்காச்சோளத்துக்கு வருகின்றன. யாரைக் குறை சொல்வது? வமைதாவும் பசிக்குத்தான் சண்டை போடுகிறாள், மண்டாசியும் பசிக்குத்தான் திருடுகிறாள்.

"வேணாம் வமைதா. இப்ப பயந்த பயத்துக்கு அறுப்பு வரைக்கும் அதுங்க தோட்டத்துல கால வைக்காது. எனக்குத் தெரியும். வெச்சா நீ என்னையக் கேளு" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஆனால் கவுனையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை முன்யிரி வந்தார். கழுதை இல்லாமல், ஒரு கேன் தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு. ஆண் பபூன்கள் சமாதானத்துக்கு வரும் விதம் வேறு. உதட்டைச் சப்பியபடி நேராக நடந்து வந்து, பின்புறத்தைக் காட்டி நிற்கும். எதிரி கையை நீட்டி, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஓர் இடத்தைத் தொட்டுப் பார்ப்பான். அதையே ஒருவன் கையில் ஒப்படைத்த பிறகு பொய் சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் ஊர் ஆண்கள் அதற்குப் பதில் பீர் வாங்கிக் கொடுக்கிறார்கள். முன்யிரி தண்ணீர் கொண்டு வந்திருந்தார்.

"உங்க சோளத்தக் காப்பாத்தணும்னுதாம்மா பண்ணேன்."

"அதுக்கு என் கவுனுதான் கெடச்சுதா? ஊர்ல வேற கவுனே இல்லயா?"

"அதுங்க உங்களப் பாத்தா மட்டும்தான் பயப்படாம கிட்ட வரும்னு..." அவருக்கே புரிந்து பாதியில் நிறுத்தினார்.

"ஆமாய்யா. என்னையப் பாத்தா மட்டும்தான் பயப்படாது. அத வெச்சுத்தான் நீ அடிச்சிருக்க. என் மூஞ்சிய மாட்டிக்கிட்டு அடிச்சிருக்க."

பெரிய காதுகள் இரண்டும் சிவந்துபோயின. "என்ன பண்ணணும்னு சொல்லுங்க. பண்றேன்" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பபூன்கள் முட்டாள்கள் அல்ல. ஒரே கவுனுக்குள் இரண்டு ஆட்கள் இருப்பது அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. எந்த ஆள் எப்போது வருவான் என்பதுதான் தெரியவில்லை. நான் ஒருத்தி மட்டும் போய் எவ்வளவு நல்லவளாக உட்கார்ந்தாலும், அந்த இன்னொருவன் எங்கே என்ற பயம் போகாது. அந்த இன்னொருவனைக் கொண்டுபோய்க் கண்ணெதிரே உட்கார வைக்க வேண்டும்.

"அதே கவுன மாட்டிக்கிட்டு நாளைலேருந்து என் கூட வா. வந்து சும்மா உக்காரு."

"எங்க?"

"பாறைக்குக் கீழ. மேட்டுல."

"சந்தைக்குப் போற பாதை அது! ஊரே அந்த வழியாத்தாம்மா போகும்!"

"போகட்டும்."

"நான் ஆம்பளம்மா."

"ஞாயித்துக்கெழம மாட்டிக்கிட்டப்ப என்னவா இருந்த?"

மறுநாள் வந்தார். உகாலி பட்ட கறையைத் துவைத்து, அக்குளில் தையல் போட்டிருந்தார். மேட்டில் இரண்டு மஞ்சள் கவுன்கள் பக்கத்தில் பக்கத்தில், பாட்டை மறந்துபோன சர்ச் பாடகர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கூட்டம் பாறை உச்சியிலிருந்து எங்களைப் பார்த்துக் குரைத்துத் தீர்த்தது.

"கால சேத்து வெச்சு உக்காருய்யா. சந்தைக்குப் போறவங்க பயந்துடப் போறாங்க."

"காத்து வருதும்மா. நல்லாத்தான் இருக்கு" என்றார் முன்யிரி.

போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். சோடா மூடி ஆட்டக்காரர்கள் பலகையையே தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்கள். பாஸ்டர் கரீதி சைக்கிளை நிறுத்தினார்.

"முன்யிரி, நான் போன வாரந்தான் சொன்னேன். ஆம்பள பொம்பள உடுப்பப் போடறது..."

"பாஸ்டரய்யா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க சம்சாரம் இப்ப தோட்டத்துல எந்த உடுப்புல இருக்காங்க?"

பாஸ்டர் தன் இடுப்பைப் பார்த்தார். அவருடைய நல்ல பேண்ட் தோட்டத்தில் இருந்தது, அவர் போட்டிருந்தது பழசு. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் பொறாமையைப் பற்றி இருந்தது.

நாள்கள் போயின. காலையில் தண்ணீர் விற்று முடித்துவிட்டு வருவார், கவுனை மாட்டுவார், உட்காருவார். கண்ணைத் தூக்கக் கூடாது என்றேன், தூக்கவில்லை. கொட்டாவி விடக் கூடாது, பல்லைக் காட்டுவதாகும் என்றேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணீர் வர அடக்கினார். கூட்டத்தின் மறு ஓரத்தில் வாருவும் அப்படியே உட்கார்ந்திருந்தான், எங்கேயோ பார்த்துக்கொண்டு, எனக்கொன்றும் வேண்டாம் என்பதுபோல.

"அவனும் நம்மள மாதிரிதானா?" என்று முன்யிரி முணுமுணுத்தார்.

"அவனுக்கு உன்ன விட வெவரம் ஜாஸ்தி. கையில ஒரு குட்டிய வெச்சிருக்கான்."

"நானும் யாரு புள்ளையாவது தூக்கிட்டு வரட்டுமா?"

சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. புருஷன் போன பிறகு ஓர் ஆண் பக்கத்தில் இருந்து நான் விக்கியது அதுதான் முதல் தடவை.

முதலில் குட்டிகளின் பயம் போனது. பிறகு இளவட்டங்கள். உகாலி மட்டும் முன்யிரியைப் பார்த்ததும் வாலைக் கையில் பிடித்துக்கொள்ளாத குறையாகத் தூரத்திலேயே சுற்றினான். மண்டாசி இறங்கி வந்து கிழங்கு தோண்டுவாள், ஆனால் முகம் எங்கள் பக்கம்தான். ஒரு கை தோண்டும், இரண்டு கண்ணும் எங்கள் மேல் இருக்கும். வமைதா வீட்டில் அறுப்பு முடிந்தது. மூட்டை நிறைந்திருக்கிறது என்று வேலிக்கு மேலேயே சொன்னாள், என்னைப் பார்க்காமல். மழையும் விட்டு விட்டுப் பெய்ய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நாளில் மழை முடிந்துவிடும், டாக்டரம்மா சொன்ன கெடுவும் முடிந்துவிடும்.

"வரமாட்டா போலிருக்குய்யா" என்றேன் ஒரு நாள். "போதும். நாளைக்கு நீ வர வேண்டாம். டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேன்."

"நீங்க வருவீங்கல்ல?"

"நான் வராம எங்க போறது?"

"அப்ப நானும் வரேன்" என்றார். இந்தத் தடவை கழுதையைச் சாக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மழை பெய்து ஓய்ந்த வெயில். புல் ஈரமாக இருந்தது. மேட்டுக்கு ஏறி வந்ததில் என் முதுகெல்லாம், தலைத்துணியெல்லாம் ஒட்டுப்புல் விதை அப்பிக்கொண்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்தோம். மண்டாசியின் கடைக்குட்டி, அன்று இடறி விழுந்ததே அதுதான், ஆடி ஆடி வந்து முன்யிரியின் கவுன் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. வாயில் வைத்துச் சப்பிப் பார்த்தது. முன்யிரி மூச்சுவிடவில்லை.

மண்டாசி எழுந்தாள். குட்டியைப் பறித்துக்கொண்டு ஓடப் போகிறாள் என்று நினைத்தேன். நேராக நடந்து வந்தாள். நின்றாள். முன்யிரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள், சந்தையில் பேரம் படிந்த கிழவி விடுவதுபோல. பிறகு எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

முதுகின் மயிரில் மழைத்துளி இருந்தது. தோள்பட்டையில் பழைய கடித் தழும்பு. கொஞ்ச நேரத்தில் தலை தொங்கியது. தூங்குகிறாள்.

"இப்ப என்ன பண்ணணும்?" முன்யிரி கிசுகிசுத்தார். கண்ணிலிருந்து நீர் ஓடி மூக்கின் நுனியில் நின்றது.

"ஒண்ணும் பண்ணாத."

"முதுகக் காட்டினா நம்புதுன்னுதானே சொன்னீங்க?"

"ம்."

மனிதர்களோடு இந்த மாதிரி விஷயங்களைப் பேசும் பழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. ஆகவே எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பி, மண்டாசி பார்க்கும் பக்கமே பார்த்து, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

இந்த ஆளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது, எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அப்போது என் தோளில் ஏதோ பட்டது. ஒட்டுப்புல் விதை ஒன்றைக் கிள்ளி எடுத்தார். பிறகு இன்னொன்று. அவசரமே இல்லாமல், தலைத்துணியிலிருந்து ஆரம்பித்து, கழுத்து, முதுகு என்று ஒவ்வொன்றாக. கீழே பாதையில் யாரோ விசில் அடித்தார்கள். "அடியே நியாகுத்தி, எப்படி இருக்கு?" என்று வமைதா கத்துவது கேட்டது. மண்டாசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"எடுத்தத வாயில போட்டுக்காதய்யா" என்றேன்.